மூர்த்தி குளம்

நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தாறு வருஷம் வேலை செய்த எனக்கு ஓர் ஆசை மட்டும் நிறைவேறாமல் இருந்தது. என் பெயரில் ஒரு குளம். நான் திருத்திய குளங்களுக்கெல்லாம் ஏற்கெனவே பெயர் இருந்தது. ஒன்றுக்கு மரத்தின் பெயர், ஒன்றுக்கு மிருகத்தின் பெயர், இன்னொன்றுக்கு எப்போதோ செத்துப்போன ஓர் ஊர்த்தலைவரான விதானையின் பெயர். ஓய்வு பெற்று நான்கு வருஷத்துக்குப் பிறகு அந்த ஆசையும் நிறைவேறியது. கல்முனை வீதியில் ஓடுகிற பஸ்களில் இப்போதும் "மூர்த்தி குளத்தடி இறங்குற ஆக்கள் முன்னுக்கு வாங்க" என்று கத்துகிறார்கள்.

குளத்தின் அளவு முப்பது அடிக்கு நாற்பது அடி. நடுவில் ஒரு சிவப்புக் கொடி. கொடிக்குக் கீழே, தண்ணீருக்கடியில், கொல்ப் பந்து விழுவதற்கான ஒரு குழி.

அந்தக் குழிக்கு மேல் தண்ணீர் எப்படி வந்தது என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் வேறு யாராவது சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

செட்டிபாளையத்துக்கு அப்பால், கடலுக்கும் வாவிக்கும் நடுவே, தென்னந்தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரன் விட்டுப்போன மைதானம் எங்களுடைய கொல்ப் கழகம். ஒன்பது குழிகளில் எட்டைத் தென்னம்பிள்ளைகளும் ஈச்சம்பற்றைகளும் யுத்தகாலத்துப் பங்கர்களும் தின்றுவிட்டன. மிஞ்சியது ஒரேயொரு கிறீன். பந்தை மெல்லத் தட்டிக் குழிக்குள் விழுத்துவதற்காக, புல்லை இராணுவக்காரன் தலையைப்போல ஒட்ட வெட்டி வைத்திருக்கிற வட்டமான இடம். உறுப்பினர்கள் பதினொரு பேர். எல்லாரும் ஓய்வு பெற்ற உத்தியோகத்தர்கள். மூன்று பேரிடம் மட்டை இருந்தது. மற்றவர்களிடம் தொப்பி இருந்தது.

அந்தக் கிறீனுக்கு எங்கள் எல்லாரையும்விட வயது கூட. நடுப்பகுதி தாழ்ந்து, சாப்பாட்டுத் தட்டம்போல ஆகியிருந்தது. குழியும் அந்தத் தாழ்விலேயே இருந்ததால் பந்தை எந்தப் பக்கத்தில் தட்டினாலும் அது உருண்டு குழிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இதனால் எங்கள் கழகத்தில் மோசமான ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை. தலைவர் தவநேசன், முன்னாள் வங்கி முகாமையாளர், தன் திறமையைத் தானே வியந்து ஒருநாள் கொழும்பிலுள்ள ஒரு கழகத்துக்கு அழைப்புக் கடிதம் எழுதினார். அவர்கள் வருகிறோம் என்று பதில் எழுதியபோதுதான் எங்களுக்குப் பயம் வந்தது.

"கார்த்திகை மாசம் வாறாங்க. இந்தத் தட்டத்தக் காட்டேலாது. கிறீனப் புதிசாக் கட்டோணும்" என்றார் தலைவர் கூட்டத்தில். "நம்மட மூர்த்தி சேர் இரிக்கார்தானே. மண்ணும் தண்ணியும் அவருக்குத் தெரியாததா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன், அடக்கமாக. அடுத்த நாளே 'பட்டிங் கிறீன் புனரமைப்புப் பணிப்பாளர்' என்று ஒரு றப்பர் முத்திரை செய்வித்தேன்.

கழகத்துக்கு இருந்த வேலையாள் ஒருவர்தான். ஓட்டமாவடி ஸியாம். கட்டாரில் ஒரு பெரிய கொல்ப் மைதானத்தில் பன்னிரண்டு வருஷம் கிறீன் பராமரித்தவர். வேலி திருத்துவார், புல் வெட்டுவார், தலைவருக்கு மட்டை பிடிக்கக் காட்டிக் கொடுப்பார். பதினொரு பேருக்கும் சேர்த்து அங்கே கொல்ப் தெரிந்தவரும் அவர் மட்டும்தான். இதை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"சேர்," என்றார் ஸியாம், எல்லாரும் கிறீனைச் சுற்றி நின்ற அந்த முதல் நாளில். "புல்ல முதல்ல சுருட்டி நிழல்ல வைப்பம். மறுகா அடியில கல்லு, அதுக்கு மேல ஒரு அடிக்குப் பருமணல். இஞ்ச மணலுக்குக் குறையில்லதானே. சாடையா ஒரு பக்கம் சரிச்சு விட்டா, மழ விட்டு அரை மணித்தியாலத்தில விளையாடலாம்."

"மணலா? மணல்ல தண்ணி நிக்குமா தம்பி?"

"நிக்கப்படாது சேர். அதுதான் வேணும்."

தண்ணீர் நிற்கக்கூடாது! எங்கள் திணைக்களத்தில் ஒழுக்காற்று விசாரணை வைக்க அந்த ஒரு வசனம் போதும். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரைப் போகவிடாமல் மறித்து வைத்தவன் நான். உறுப்பினர்கள் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். பதில் சொல்லாமல் விட்டால் முத்திரைக்கு என்ன மரியாதை?

"தம்பி கட்டாரில புல்லு வெட்டினவர். நான் இஞ்ச குளம் கட்டினவன். புல்லு வெட்டுறவர் புல்ல வெட்டட்டும்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். யாரோ கையும் தட்டினார். ஸியாமும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அன்றைக்கு மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

பழைய புல்லை உரித்ததும் கீழே கூழாங்கல்லும் உடைந்த ஓடுமாக ஒரு படை வந்தது. "சேர், இது வெள்ளைக்காரன் போட்ட வடிகால். இத எடுக்காம விடுங்க" என்றார் ஸியாம். அது ஏதோ இடிந்த வீட்டுக் கழிவு என்று நான் தீர்ப்பளித்தேன். முழுவதையும் அள்ளி, மழைக்குச் சேறாகிற கழக வாசலில் கொட்டச் செய்தேன். பிறகு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை வயல்வட்டையிலிருந்து நல்ல களிமண் வந்தது. எழுவான்கரையின் மணல்மேட்டுக்குப் படுவான்கரைக் களிமண்ணை டிப்பரில் ஏற்றி வந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். இரண்டாவது ஆள் வர மாட்டார்.

வட்டமாக இருந்த கிறீனை நீள்சதுரமாக்கினேன். வட்டத்துக்கு வரம்பு கட்டுவது சிரமம். லான்ட்மாஸ்டர் உழவு மெசின் இறக்கி உழுது, பலகையடித்து, சுற்றிவர வரம்பு கட்டித் தண்ணீர் விட்டோம். வயலில் மட்டம் பார்க்கிற முறை அதுதான். மண் எங்கே தலைகாட்டுகிறதோ அங்கே மேடு. மூன்று நாள் முழங்கால் சேற்றில் நின்று மேட்டையெல்லாம் இழுத்துப் பள்ளத்தில் போட்டேன். நான்காம் நாள் தண்ணீர் கண்ணாடிபோல நின்றது. ஒரு நாற்றுக்கூடச் சரியாத மட்டம். தலைவர் போட்டோ எடுத்தார்.

அன்றைக்கு என் மனைவி அன்னப்பூரணி எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டு வந்திருந்தாள். ஸியாம் என் பின்னால் வந்தார்.

"சேர், மேல ஒரு நாலு விரல் மணலாவது போடுவம். கெஞ்சிக் கேக்கன்."

"வேணாம்."

"அப்ப வரம்புல ஒரு வக்கடையாவது வெட்டி விடுவம். தண்ணி போக வாய் வேணும்தானே?"

"வக்கடை வெச்சா வயல் மாதிரி இரிக்கும் தம்பி. பாக்கிறவங்க சிரிப்பாங்க" என்றேன், வயலுக்குள் நின்றுகொண்டு.

தண்ணீர் வற்றியதும் வரம்பை எடுத்துவிடுவதாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு நேரான வரம்பு. வெட்ட மனம் வரவில்லை. அதன் மேலும் புல் வைத்தோம், உறுப்பினர்கள் உட்கார வசதியாக. வெளிநாட்டுப் புல் வரும் என்று காத்திருந்த தலைவருக்கு, கட்டார் கிறீனிலும் இருப்பது நம் பிள்ளையாருக்கு வைக்கிற அறுகின் சொந்தக்காரப் புல்தான் என்று ஸியாம் சொன்னபோது முகம் விழுந்துவிட்டது. புரட்டாதி வெயிலில் தண்ணீர் தெளித்துத் தெளித்து ஸியாம் அதை வளர்த்தெடுத்தார். பச்சைப் பாய் விரித்ததுபோல இருந்தது. வாசலில் கல்வெட்டு வைத்தோம்: 'திட்டமிட்டு நெறிப்படுத்தியவர்: பொறியியலாளர் சி. வினாயகமூர்த்தி.' நான் பொறியியலாளர் இல்லை, தொழில்நுட்ப உத்தியோகத்தர். கல் வெட்டுகிறவர் கேட்டபோது அதைத் திருத்த எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஐப்பசி கடைசியில் மழை தொடங்கியது. கார்த்திகையில் எட்டு நாள் விடாமல் பெய்தது. ஒன்பதாம் நாள், சனிக்கிழமை, வெயில் எறித்தது. கொழும்பு ஆட்கள் வந்து இறங்கினார்கள். பன்னிரண்டு பேர், எல்லாருக்கும் வெள்ளைச் சப்பாத்து. நான் கல் கொட்டச் செய்த வாசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. வாசல் நன்றாக இருக்கிறது என்று பாராட்டிக்கொண்டே உள்ளே வந்தார்கள்.

உள்ளே என் குளம் நிறைந்து கிடந்தது. வரம்பு ஓரிடத்திலும் கசியவில்லை. அவ்வளவு நல்ல வேலை. இரண்டு கொக்குகள் ஒற்றைக் காலில் நின்றன. ஸியாம் விடியற்காலையிலிருந்து வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். ஒரு விரல்கூடக் குறையவில்லை.

அவர்களில் மூத்தவர் ஒரு டொக்டர். வெள்ளை மீசை, சாந்தமான முகம். வரம்பில் நின்று நன்றாகப் பார்த்தார்.

"தண்ணித் தடை நல்லா அமைச்சிருக்கிறீங்க" என்றார், மனதார. ஆட்டத்தைக் கஷ்டமாக்க மைதானத்தில் வேண்டுமென்றே வெட்டி வைக்கிற குட்டை என்று நினைத்துவிட்டார். "எங்கட கிளப்பிலயும் ஒண்டு இருக்கு. இவ்வளவு மட்டமா இல்ல. கிறீன் எந்தப் பக்கம்?"

தவளை ஒன்று கத்தியது. தலைவர் கொடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மற்ற ஒன்பது உறுப்பினர்களும் பார்த்தார்கள். கொழும்பு டொக்டரும், அவர்கள் பார்க்கிற திசையில் ஏதோ இருக்கிறது என்று, என்னைப் பார்த்தார்.

"மணல் போடச் சொன்னனான்" என்றேன். "வேலையாள் போடல்ல."

யாரோ சொல்லித் தந்ததுபோல அது வாயில் வந்தது. இருபதடி தள்ளி ஸியாம் முழங்கால் தண்ணீரில் வாளியோடு நின்றார். அவருக்குக் கேட்டது. மற்றவர்களுக்கும் உண்மை தெரியும். மணல் கதைக்குச் சிரித்தவர்கள்தானே அவர்கள். ஆளுக்காள் தொப்பியைச் சரிசெய்தார்கள்.

தலைவருக்கு உயிர் வந்தது. நெஞ்சை நிமிர்த்தினார். "ஒழுக்கமில்லாத இடத்தில கொல்ப் இல்ல" என்று விருந்தாளிகளுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினார். "ஸியாம்! இண்டையோட நீங்க வேலைய விட்டு நிண்டுகொள்ளுங்க!"

ஸியாம் வரம்பில் ஏறினார். வாளியைக் கவிழ்த்து வைத்தார். மடித்துவிட்டிருந்த காற்சட்டையை இறக்கிவிட்டு, கொட்டில் திறப்பை எடுத்து என் கையில் வைத்தார்.

"சேர், புல்லு வெட்டுற மெசினுக்கு ஒயில் மாத்தி வெச்சிரிக்கன். மழைக்க வெளிய எடுத்திராதீங்க."

அவ்வளவுதான். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவர் வாசலில் நான் போட்ட கல்லின் மேல் நடந்து, பஸ் ஏறிப் போனார்.

வீட்டில் பூரணி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். "கொழும்பு ஆக்கள் என்ன சொன்னாங்க?"

அவளுக்கும் அதையே சொன்னேன். இரண்டாம் தரம் இன்னும் சுலபமாக வந்தது. அவள் கத்தியை வைத்தாள்.

"ஸியாம் மணல் போடல்லயா?"

"ஓம்."

"நான் தேத்தண்ணி கொண்டு வந்த அண்டு அவர் மணல் மணல் எண்டு உங்களுக்குப் பின்னால திரிஞ்சாரே. கெஞ்சிக் கேக்கன் எண்டாரே."

நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கழற்றி முடிக்க நேரம் எடுத்தது.

"சோறு போடட்டா?" என்றாள். ஒரு கிழமையாக என்னிடம் அவள் கேட்டதெல்லாம் சோறு போடட்டா என்பதைத்தான்.

அந்தக் கிழமைக்குள் ஊரில் பெயர் வைத்துவிட்டார்கள். மீன்காரர் சைக்கிளை நிறுத்தி, "சேர், உங்கட குளத்தில செல்வன் மீன் விடுவமா?" என்றார். நான் கோபப்படவில்லை. என்னைப் பற்றி ஊரில் உலவிய கதைகளில் பொய் இல்லாத கதை அது ஒன்றுதான்.

பிறகு ஒரு போன் வந்தது. பாசிக்குடாப் பக்கம் புதிதாகத் திறக்கிற ஒரு ஹொட்டேலின் முகாமையாளர், வினோஜன் என்று பெயர்.

"ஸியாம் எண்டு ஒராள் எங்கட புல்தரைப் பொறுப்புக்குக் கேட்டு வந்திரிக்கார் சேர். வேலை தெரிஞ்ச ஆள் மாதிரித்தான் இரிக்கு. ஆனா சொன்னதச் செய்யாத ஆள் எண்டு கேள்வி..."

"ஆர் சொன்னது?"

"உங்கட தலைவர் சேர். நேர பாத்த ஆள் நீங்கதானாம்."

ஒரு வசனம் போதும். அந்த வசனம் என் தொண்டைவரை வந்து, கல்வெட்டில் இருந்த என் பெயரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"நல்ல மனுஷன்" என்றேன். "ஆனா..."

"ஆனா?"

"ஆனா ஒண்டுமில்ல."

"விளங்குது சேர். தாங்ஸ் சேர்."

அவருக்கு என்ன விளங்கியது என்று எனக்கும் விளங்கியது. திரும்பினால் பூரணி கதவடியில் நின்றாள்.

"ஓட்டமாவடிக்கு எத்தின பஸ் மாறோணும்?" என்று கேட்டாள்.

"ரெண்டு."

"அப்ப நாளைக்கு வெள்ளண வெளிக்கிடுங்க." சேர்ட்டை அவளே ஸ்திரி போட்டு வைத்தாள்.

இரண்டு பஸ்ஸிலும் பேச்சைத் தயாரித்துக்கொண்டே போனேன். 'எதிர்பாராத காலநிலை', 'தொடர்பாடற் குறைபாடு', 'துரதிர்ஷ்டவசமான சூழ்நிலை' எல்லாம் அதில் இருந்தன. அரசாங்க உத்தியோகத்தில் தவறுகள் நடக்கும், யாரும் செய்வதில்லை.

கதவைத் திறந்தது ஸியாமின் மனைவி றம்லா. பெயரைச் சொன்னேன். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "இஞ்சாருங்க, குளத்துச் சேர் வந்திரிக்கார்."

ஓட்டமாவடிவரைக்கும் பெயர் வந்துவிட்டது.

ஸியாம் முற்றத்தில் யாருடையதோ தண்ணீர்ப் பம்பைக் கழற்றிப் போட்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழும்பி, கதிரை போட்டார். இஞ்சி போட்ட தேத்தண்ணி வந்தது. பிஸ்கட்டும் வந்தது. அந்த பிஸ்கட்டைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை.

"ஸியாம், அண்டைக்கு ஒரு பிழை நடந்து போச்சு" என்று தொடங்கினேன்.

"ஓம் சேர். நடந்தது."

"ஆரு செஞ்ச பிழை சேர்?" என்றார் றம்லா, கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து.

தயாரித்த பேச்சு அந்த இடத்தில் முடிந்துவிட்டது. "நான்" என்றேன். "மணல் வேணாம் எண்டது நான். பொய் சொன்னதும் நான். ஹொட்டேல்காரன் போன் எடுத்துக் கேக்கக்குள்ள உண்மையச் சொல்லாம விட்டதும் நான்."

ஸியாமின் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. கடைசியில் சொன்னது அவருக்குத் தெரியாது.

"அதுவும் நீங்களா சேர்?" என்றார் மெதுவாக. "எனக்கு வயசு போயிட்டு எண்டுதான் வேணாமெண்டிரிக்காங்க எண்டு நினைச்சன். நேத்து தலைக்கு மை பூசினன்."

அப்போதுதான் பார்த்தேன். காதோரத்தில் மை திட்டாகப் பட்டிருந்தது. நான் பிறகு அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"என்ன மன்னிச்சுக்கொள்ளுங்க ஸியாம்."

"என்னட்டச் சொல்லி என்ன சேர்?" என்றார். கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது. "மணல் கேட்டது நான். என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியும்தானே. தெரியாத ஆக்களுக்கிட்டச் சொல்லுங்க."

அடுத்த கழகக் கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன். யாரும் அதிர்ச்சி அடையவில்லை. அதுதான் அதிர்ச்சி. ஒருவர் தொப்பியைத் துடைத்தார். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"மூர்த்தி சேர், அது முடிஞ்ச கதை. பெரிய மனசோட சொன்னீங்க, சந்தோஷம். கூட்டக் குறிப்பில, மினிட்ஸ்ல எழுத வேணாம்."

"ஏன் வேணாம்?"

"நிப்பாட்டினது நான்தானே. அப்ப நானும் பிழை எண்டு வரும்."

"ஓம், வரும்" என்றேன். செயலாளரும் நான்தான். எழுதினேன், எழுதியதை உரத்து வாசித்தேன். பிறகு எல்லாரும் கேட்கும்படி போனை மேசையில் வைத்து வினோஜனை அழைத்தேன். மணல் வேண்டாமென்றது நான், அவர் கெஞ்சிக் கேட்டார், நான் பொய் சொன்னேன் என்றேன். மூன்று வசனம். எட்டு செக்கன்கூட ஆகவில்லை.

"முந்தாநாள்தான் வேறொரு ஆள எடுத்தம் சேர்" என்றது போன். "அண்டைக்கே இதச் சொல்லியிருந்தா..." அவர் மரியாதையான பொடியன். மிச்சத்தைச் சொல்லாமல் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு தலைவரால் மினிட்ஸைத் தடுக்க முடியவில்லை. ஸியாமைத் திரும்ப அழைத்துக் கடிதம் போட்டோம். பொங்கலுக்கு அடுத்த கிழமை வந்தார். தலையில் மை போய் நரை வெளித்திருந்தது. ஒரு நிபந்தனை வைத்தார்: மட்டம் அவர் பார்ப்பார், களிமண்ணைக் கொண்டு வந்தவரே அதை அள்ள வேண்டும்.

தூறல் விட்டிருந்த ஒரு காலையில் மண்வெட்டியோடு என் வரம்பின் மேல் ஏறினேன்.

"எங்க வெட்ட?" என்று கேட்டேன்.

"நீங்கதானே சேர் தண்ணிக்காரர்" என்றார் ஸியாம். பிறகு இரக்கப்பட்டு, "வாவிப் பக்கம்" என்றார்.

முதல் வெட்டுக்கு வரம்பு அசையவில்லை. நல்ல களிமண். நாலாவது வெட்டில் தண்ணீர் என் காலை நனைத்துக்கொண்டு வாவியைப் பார்த்து ஓடத் தொடங்கியது. அதே நேரம் வீதியில் பஸ் வந்து நின்றது. ஆள் இறங்கவில்லை, ஆனாலும் நின்றது. இந்தப் பக்கத்து யன்னல்கள் எல்லாம் முகங்களாக இருந்தன.

"என்ன சேர், குளத்த உடைக்கிறீங்களா?" என்று கத்தினார் கொண்டக்டர்.

குளக்கட்டை உடைப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று முப்பத்தாறு வருஷம் ஊரூராக அறிவித்தல் பலகை நட்டவன் நான்.

"ஓம்" என்றேன்.

"என்ன? கேக்கல்ல!"

"ஓம்! நான்தான் கட்டினது! நான்தான் உடைக்கிறன்!"

பஸ் முழுக்கச் சிரித்தது. என் காது சுட்டது. பஸ் போன பிறகும் நான் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கதைச்சது போதும் சேர்" என்றார் ஸியாம் பின்னாலிருந்து. "இன்னும் ஒரு அடி ஆழம் வேணும்."